கரி படியாத புகைபோக்கி

“நான் வீடு கேட்டேனா, பேக்கரி கேட்டேனா? அதை மட்டும் சொல்லு.”

“வீடுதான் கேட்டீங்க, தோன்யா பொலோனியா.”

“அப்ப கூரைமேல இது என்ன?”

“புகைபோக்கி.”

“இந்த மலை முழுக்க ஏறி இறங்கிப் பாரு. ரொட்டி சுடறவனைத் தவிர எவன் வீட்டுல புகைபோக்கி இருக்கு? மத்தியானம் இதைத் தூக்கிட்டுப் போய் நான் சாம்பிராணி காட்டணும். ஏகேகோ சாமி பார்ப்பாரு. ஓகோ, பொலோனியா அடுப்பு கேக்கறா போலன்னு காலம் முழுக்க என்னை ரொட்டி சுட வெச்சிடுவாரு. நான் உருளைக்கிழங்கு யாவாரம் பண்றவ. எனக்கு எதுக்குய்யா ரொட்டி?”

“நான் அங்க பார்த்ததைத்தான் செஞ்சேன்.”

“அப்ப முதல்ல உன் கண்ணைச் செய்.”

அலசீத்தாஸ் திருவிழா அன்று காலையில் லா பாஸில் பாதிப் பேர் இப்படித்தான் இருப்பார்கள். உள்ளங்கை அளவு வீடு, விரல் நீளக் கார், ஸ்டாம்பு அளவு பாஸ்போர்ட் என்று எது ஆசையோ அதை வாங்கி, மத்தியானம் மணி பன்னிரண்டு அடிக்கும்போது சாம்பிராணிப் புகையில் ஏகேகோ சாமிக்குக் காட்டிவிட்டால், வருஷம் முடிவதற்குள் அசல் வந்து சேரும். சிக்கல் என்னவென்றால், கேட்டது கேட்டபடியே வரும். எங்கள் தெருவில் ஒருவர் சக்கரம் ஒன்று கழன்ற பொம்மை லாரியை அவசரத்தில் காட்டிவிட்டார். அவருக்கு லாரி வந்தது. அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை.

என் ஆப்பிக் கடைக்கும் தோன் இலாரியோனின் பொம்மை வீட்டுக் கடைக்கும் நடுவில் ஒரு தார்ப்பாய்தான். ஆப்பி என்கிற ஊதாச் சோளக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் காதில் விழும். விழாவிட்டால் தார்ப்பாயைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்வேன்.

இலாரியோன் செய்யும் வீடுகளில் சுவர் வெறும் அட்டை, ஜன்னல் வெறும் மிட்டாய்க் காகிதம். அதிலெல்லாம் அவருக்கு அக்கறை கிடையாது. கூரையில்தான் மனிதருக்குப் பைத்தியம். பியர் கேனை வெட்டித் தணலில் காட்டிப் பெயின்டைப் போக்கி, மரை போட்ட இரண்டு கம்பிகளுக்கு நடுவில் விட்டு உருட்டுவார். நெளி நெளியாகத் தகடு வரும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை வினிகரில் ஊறப்போட்டுத் துருத் தண்ணீர் எடுப்பார். அதை ஒற்றை மயிர்த் தூரிகையால் ஆணி ஆணியாகத் தொட்டு, கீழ்ப்பக்கமாக மட்டும் ஒழுகவிடுவார். பழைய தகட்டுக்குப் பக்கத்தில் ஒரு புதுத் தகடு பளபளக்க வேண்டும், அதற்கு அடுத்தது பாதி வெளுத்திருக்க வேண்டும். “எல்லாத் தகடும் ஒரே வயசா இருந்தா அது கூரையில்ல, பிஸ்கட் டப்பா மூடி” என்பார். மழைக்காலம் பூராவும் ரோப் காரில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் ஊரின் கூரைகளை மேலேயிருந்து பார்ப்பார். அவர் மனைவி வேறு ஏதோ காரணம் என்று நினைத்து ஒருமுறை பின்தொடர்ந்து போய், கூரைதான் என்று தெரிந்ததும் இன்னும் கவலைப்பட்டாள்.

இந்தச் சண்டை நடக்கும்போது என் பெஞ்சில் மூன்று பேர் ஆப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாவது பெத்சபே லான்சா. எல்லாரும் டாக்டரம்மா என்போம். அவள் டாக்டருக்கும் படிக்கவில்லை, வக்கீலுக்கும் படிக்கவில்லை. ஒரு நோட்டரி ஆபீஸில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவள். எங்கள் ஊரில் வக்கீலைக்கூட டாக்டர் என்பார்கள்; முத்திரை இருந்தால் போதும். ஊர்ச் சொத்துத் தகராறெல்லாம் அவள் மேஜை வழியாகத்தான் போனது. ஓய்வு பெற்ற பிறகு அந்த அறிவை வீணாக்க மனமில்லாமல் துப்பறிய ஆரம்பித்தாள்.

இரண்டாவது அவள் உதவியாள் எலோய். முன்பு மினிபஸ் வாசலில் தொங்கிக்கொண்டு ஸ்டாப் பெயர்களைக் கூவுகிற வேலை. ஸ்டாப் பெயரோடு, இறங்குகிறவர்களைப் பற்றிய தன் கருத்தையும் சேர்த்துக் கூவியதால் அவனையே இறக்கிவிட்டார்கள்.

மூன்றாவது ஆள்தான் வழக்கு. பெயர் ரோமுலோ. தோன் அபுந்தியோவின் பேண்டு குழுவில் டூபா வாசிக்கிறவன். டூபா என்பது ஆளை மலைப்பாம்பு மாதிரி சுற்றிக்கொண்டு, தலைக்கு மேலே வாயைப் பிளந்து நிற்கும் பித்தளை வாத்தியம். அபுந்தியோவின் மகள் நேலிதாவை இவனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் டூபாவோடு பெண் வீட்டுக்குக் காபி குடிக்கப் போவான். ஒரு ஞாயிறு நல்ல மழை. பேண்டுக்குச் சொந்தமான வாத்தியத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன் என்கிறான். என் வீட்டில் எங்கே என்கிறார் அபுந்தியோ. அடுப்படி, கட்டிலடி, கோழிக்கூண்டு என்று வீடு முழுக்க இவன் கண்ணெதிரே தேடிக் காட்டிவிட்டார். கிடைக்கவில்லை. விற்றுத் தின்றுவிட்டு என் வீட்டின்மேல் பழி போடுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார். இன்று மத்தியானம் தேவாலய வாசலில் ஊர்ப் பேண்டுக்காரர்கள் அத்தனை பேரும் சின்னச் சின்ன வாத்தியங்களோடு ஆசி வாங்க நிற்பார்கள். அங்கே இவன் பெயரைச் சொல்லித் திருடன் என்று அறிவிக்கப் போகிறார். அதற்குப் பிறகு எந்தப் பேண்டும் இவன் கையில் ஒரு விசிலைக்கூடக் கொடுக்காது.

“பழைய சாமான் கடை எல்லாம் பார்த்தாச்சு” என்று எலோய் ஆப்பியை உறிஞ்சினான். “டூபாவைத் தவிர எல்லாம் இருக்கு. ஒரு கடையில என் பழைய சட்டையே தொங்குச்சு.”

டாக்டரம்மா தார்ப்பாய் இடுக்கு வழியாகப் பக்கத்துக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், பொலோனியாவின் கையிலிருந்த வீட்டைக் குனிந்து பார்த்தாள். நானும் போனேன். கரண்டி கையிலேயே இருந்தது.

“தோன் இலாரியோன், ஆணிக்கெல்லாம் துரு ஒழுகுதே.”

“ஒழுகும்.”

“தண்ணி டேங்க் அடியில பச்சையா ஏதோ.”

“டேங்க் வழியுது. பாசி பிடிக்கும்.”

“எல்லாம் சரி. புகைபோக்கியைச் சுத்திக் கரி எங்க?”

இலாரியோன் கன்னத்தில் அறைந்தது மாதிரி நின்றார்.

“அங்க கரி இல்ல” என்றார்.

“பூச மறந்துட்டீங்களா?”

“நான் மறக்கறதா? திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். கரி இல்ல. எனக்கே அது ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா அங்க இல்லாத கரியைப் பூச நான் யாரு?”

“தகட்டை அறுத்து உள்ள இறக்கியிருக்கா?”

“இல்ல. தகட்டுமேல நின்னுச்சு. சாயாம இருக்கச் சுத்திக் கல்லு அண்டக் குடுத்திருந்தாங்க. பாருங்க, போட்டிருக்கேன்.”

போட்டிருந்தார். மிளகு மிளகாக ஆற்றுக் கல். பக்கத்தில் ரொட்டி மாவில் செய்த பழுப்பு நாய் ஒன்று அதன்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

“கரியில்ல, ஓட்டையில்ல, நாய் சாஞ்சு தூங்குதுன்னா சூடுமில்ல” என்றான் எலோய். “எங்க அண்ணி வீட்டு அடுப்புதான்.”

“இதை எதால செஞ்சீங்க?”

“பல் தேய்க்கிற பேஸ்ட் டியூபோட கழுத்து. வாய்கிட்ட விரிஞ்சு வரணும். வேற எதுவும் அப்படி விரியாது.”

“விளிம்புல மஞ்சளா ஒரு பொட்டு?”

“கறுப்பு பிளாஸ்டிக் சுத்தியிருந்துச்சு. அந்த இடத்துல கிழிஞ்சு, உள்ள மஞ்சளா ஏதோ மின்னுச்சு.”

என் பெஞ்சில் ரோமுலோவின் கிளாஸ் பாதி வழியில் நின்றது.

“எந்த வீடு இது?” என்று கேட்டாள் டாக்டரம்மா.

“சொல்ல மாட்டேன். ஏகேகோ மேல சத்தியம் வாங்கிட்டாங்க.”

எல்லாரும் பொலோனியாவைப் பார்த்தோம். அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

“என் கனவுல வந்த வீடு.”

“கனவுல டேங்க் வழிஞ்சுதா தோன்யா?”

“வழிஞ்சுது.”

“நாயும் தூங்குச்சு?”

“என் கனவுல யாரு தூங்கினா உனக்கென்ன?”

“ஒண்ணுமில்ல” என்றான் எலோய். “தோன் இலாரியோன் அதை ரோப் கார்ல போய்ப் பார்த்துட்டு வந்தேங்கறாரு. உங்க கனவுக்கு எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்னு கேக்கலாமேன்னுதான்.”

சுவர்களைப் பார்த்து எந்த வீடு என்று கண்டுபிடிக்க வழியில்லை. மிட்டாய் ரோஸ் பெயின்ட், வளைவு ஜன்னல், வாசலில் இரண்டு சிங்கம், எல்லாம் பொலோனியா கேட்டுச் செய்யச் சொன்னது. கூரை ஒன்றுதான் அசல். கூரையை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் காக்கையாக வேண்டும், இல்லை டிக்கெட் வாங்க வேண்டும்.

“வாங்க, மேல போய்ட்டு வரலாம்” என்றாள் டாக்டரம்மா. “வீட்டை நீங்களே வெச்சுக்கங்க தோன்யா. உங்க சொத்து.”

“அந்த புகைபோக்கியைப் பிடுங்கிக் குடுத்தா வரேன்.”

“என் கூரைலேர்ந்து யாரும் எதையும் பிடுங்க முடியாது” என்றார் இலாரியோன். “அங்கேர்ந்து எடுக்கட்டும். நானும் எடுக்கறேன்.”

ரோமுலோவும் கிளம்பினான். டாக்டரம்மா தடுத்துவிட்டாள். டூபாவைப் பார்த்தால் அந்தரத்தில் கதவைத் திறக்கப் பார்ப்பான் என்பது அவள் பயம். நான் என் கரண்டியை அவன் கையில் கொடுத்து, அடிபிடிக்காமல் கிண்டச் சொன்னேன். நான் எதற்குப் போனேன் என்று கேட்பவர்களுக்கு: கேபினில் இடம் இருந்தது.

மலையேறும் சிவப்பு லைன் ரோப் காரில் உட்கார்ந்தால் ஊருடைய அந்தரங்கம் முழுக்கக் காலடியில் போகும். வாசலில் பளிங்கு போட்டவன் கூரையில் பழைய டயரும் கல்லும் வைத்துத் தகட்டைக் காற்றிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருப்பான். மூன்றாம் மாடி கட்டப்போகிறேன் என்று அப்பா விட்ட கம்பிகள் மகன் காலத்திலும் வானத்தைப் பார்த்து நிற்கும். என் மச்சினர் வீட்டுக் கூரையில் எங்கள் வீட்டிலிருந்து காணாமல்போன ஏணி கிடந்தது. அது வேறு வழக்கு.

எலோய் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டான். “டேங்க் இருக்கு, நாய் இல்ல. நாய் இருக்கு, டேங்க் இல்ல. அங்க நாயே டேங்குக்குள்ள இருக்கு. டாக்டரம்மா, இந்த மலையில கூரை எத்தனை தெரியுமா? நாம கிழவனாகிக் கிழவியாகி இறங்குவோம். சரி, நான் மட்டும் கிழவனாகி.”

டாக்டரம்மா கீழே பார்க்கவே இல்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, எதிரில் வீட்டை அணைத்தபடி உட்கார்ந்திருந்த பொலோனியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேடிக்கை பாருங்களேன் தோன்யா” என்றாள்.

“பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தாள், சந்தையைப் பார்த்தாள், யாரோ மாடியில் காயப்போட்டிருந்த கம்பளியின் நிறத்தைக் குறை சொன்னாள். ஒரு கூரையில் ஆள் குளிப்பதைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டு மறுபடி பார்த்தாள். கேபின் ஒரு கம்பத்தில் குலுங்கி அடுத்த சரிவுக்கு மேலே வந்தது. அப்போது அவளுக்குத் திடீரென்று மேலே கம்பி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கழுத்தை நிமிர்த்திக் கூரையையே, அதாவது கேபினின் கூரையையே, பார்க்க ஆரம்பித்தாள்.

“எலோய்” என்றாள் டாக்டரம்மா. “இப்ப கீழ பாரு.”

பார்த்தோம். மங்கிய தகடுகளுக்கு நடுவில் பளபளவென்று ஒரு புதுத் தகடு. வழிகிற டேங்க். சரிவில் கல் அண்டக்கொடுத்து, கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி, வானத்தைப் பார்த்து வாய் விரித்து ஒன்று நின்றது. அதன்மேல் சாய்ந்து ஒரு பழுப்பு நாய். மடியிலிருந்த பொம்மை வீட்டுக்கும் கீழே இருந்த வீட்டுக்கும் ஒரே வித்தியாசம், கீழே நாய் வாலாட்டியது.

“அது தோன் அபுந்தியோ வீடு” என்றேன் நான். இதற்குத்தான் என்னைக் கூட்டிப்போக வேண்டும்.

பொலோனியா இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவரு வீடே வேணும்னு கேக்கல. அதே மாதிரி ஒண்ணுன்னுதான் கேட்டேன்.”

“அந்த வித்தியாசம் சாமிக்குப் புரிஞ்சா சரி” என்றான் எலோய். “இல்லேன்னா அபுந்தியோ மூட்டை கட்ட வேண்டியதுதான்.” பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினான். “ஆக, டூபாவைத் தன் கூரையில ஒளிச்சு வெச்சுட்டு, ஊரெல்லாம் திருடன் திருடன்னு கத்தினது பேண்டு மாஸ்டரே. வழக்கு முடிஞ்சுது. இறங்கினதும் நான் ஒரு தட்டு சோளமும் சீஸும் சாப்பிடறேன்.”

“அபுந்தியோ எவ்வளவு காலமா பேண்டு நடத்தறாரு?”

“பொறந்ததுலேர்ந்து. தொட்டில்லயே தாளம் தட்டினாருன்னு அவரே சொல்வாரு.”

“மழைக்காலத்துல டூபாவை வாய் மேல பார்க்க நிறுத்துவாரா?”

எலோய் டூபாவை மறுபடி குனிந்து பார்த்தான்.

“வாத்தியம் தெரிஞ்ச எவனும் கவுத்துத்தான் வைப்பான்” என்றாள் அவள். “இது வாத்தியம் தெரியாத ஆள் கை. ஆனா பிளாஸ்டிக் சுத்தி, கல்லு வெச்சு, பத்திரமா நிறுத்தியிருக்கு. கெட்டுப்போகணும்னும் நினைக்கல. அபுந்தியோ வீட்டு நாயை எனக்குத் தெரியும், மேகத்தைப் பார்த்தாலே குலைக்கும். பழகின கை வெச்சதா இல்லேன்னா அதுமேல சாஞ்சு தூங்காது.”

அபுந்தியோ வீட்டுக் கதவைத் தட்டியபோது அவரும் மனைவியும் தேவாலயத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். நேலிதா திறந்தாள். டாக்டரம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பொலோனியாவின் கையிலிருந்த பொம்மை வீட்டைப் பார்த்தாள். அதன் கூரையைப் பார்த்ததும் கதவைப் பிடித்திருந்த கை இறங்கிவிட்டது.

“ஏணி எந்தப் பக்கம்மா?” என்றாள் டாக்டரம்மா.

“துணி காயப்போடற மாடியில. நான்தான் ஏத்தினேன். ரொம்ப கனம்.”

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று எதிர்பார்க்காததால் எலோய்க்கு ஏமாற்றம். அவன் கேட்கத் தயாராக வைத்திருந்த கேள்விகளை மென்று விழுங்கினான்.

“வித்துடலாம்னா?” என்றாள் டாக்டரம்மா.

“ச்சே. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம், அதான். அவர் நல்லவர்தான். கெட்டவரா இருந்தா சுலபமா இருந்திருக்கும். ஞாயித்துக்கிழமை வருவார். எனக்குப் பக்கத்து நாற்காலியில டூபாவை உக்கார வெச்சுட்டு, அவர் எதிர்ல உக்காருவார். நாங்க ரெண்டு பேரும் அவரைப் பார்த்துக்கிட்டு இருக்கணும். வால்வுக்கு என்ன எண்ணெய் நல்லதுன்னு எங்கம்மாகிட்ட சொல்லுவார். எங்கப்பாவுக்கு அதே போதும்.”

“அப்பாவுக்கு என்ன அவ்வளவு பிடிச்சுப் போச்சு?”

“டூபாவைத்தான். ட்ரம்பெட்காரன் தெருவுக்குத் தெரு கிடைப்பான், டூபாக்காரன் கிடைக்க மாட்டான், மருமகனா ஆக்கிட்டா வேற பேண்டுக்கு ஓட மாட்டான்னு அம்மாகிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு. ஒரு வாத்தியத்தைக் கட்டிப்போடற கயிறு நானு. அதான், வாத்தியம் இல்லேன்னா கயிறு எதுக்குன்னு நினைச்சேன்.”

“திருடன்னு சொல்லுவாங்கன்னு நினைக்கலையா?”

“நினைக்கல. நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன். தினமும் மழை பெஞ்சுது.” அவள் சால்வை முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப வந்து சொல்றேன். அப்பா என்ன பண்ணினாலும் பண்ணட்டும்.”

மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. டூபாவை எலோய் மாட்டிக்கொண்டான். இறக்கத்தில் முன்னால் அவன், பின்னால் நாங்கள், அதற்கும் பின்னால் நாய். வழியில் பார்த்தவர்கள் ஊர்வலம் என்று நினைத்து இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

என் கடையில் ரோமுலோ கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தான். அடிபிடித்திருந்தது. டூபாவைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தான். டாக்டரம்மா நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னாள். ஒன்றும் பூசி மெழுகவில்லை. நேலிதா கிளம்பும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்து வந்திருப்பாள் போல. உதடு அசைந்துகொண்டே இருந்தது.

ரோமுலோ அவளைப் பார்த்துக் கேட்டான்: “நனைஞ்சுதா?”

“பிளாஸ்டிக் சுத்தியிருந்தேன்.”

“வாய் எந்தப் பக்கம்?”

“மேல.”

“கவுத்து வெக்கணும்.”

“தெரியாது.”

“பரவாயில்ல.” வாத்தியத்தை வாங்கித் தலைகீழாகச் சாய்த்தான். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு எலும்புத் துண்டும் விழுந்தன. எலும்பை நாய் எடுத்துக்கொண்டது. அவன் சட்டைக் கையால் விளிம்பைத் துடைத்தான், வால்வுகளை அமுக்கிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான். நேலிதா என் பக்கம் திரும்பினாள். சொன்னேனில்லையா என்று அவள் கேட்கவில்லை. கேட்டதாகவே வைத்துக்கொண்டு நான் தலையாட்டினேன்.

பிறகு அவன் நிமிர்ந்தான். “நீ அங்க வந்து சொல்ல வேணாம்” என்றான்.

“சொல்லலேன்னா உங்களைத் திருடன்னு சொல்லுவாரு.”

“நான் பார்த்துக்கறேன். நீ வேணும்னா வா. பேசாதே.”

தேவாலய வாசலில் சாம்பிராணிப் புகைக்குள் பேண்டுக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் தோன் அபுந்தியோ. அவருடைய வயிறு முதலில் வரும், பிறகு மீசை வரும், அவர் கடைசியில் வருவார். அறிவிப்பதற்குக் கையைத் தூக்கியவர், கூட்டத்துக்கு மேலே டூபாவின் வாய் அசைந்து வருவதைப் பார்த்துத் தூக்கின கையோடு நின்றார்.

“உங்க வீட்டுல வெச்சேன்னு சொன்னேன்ல தோன் அபுந்தியோ” என்றான் ரோமுலோ. “அங்கதான் இருந்துச்சு. கூரைமேல.”

“கூரையிலயா? யாரு வெச்சது?”

நேலிதா ஓரடி முன்னால் வந்தாள்.

“நான்தான்” என்றான் ரோமுலோ. “திருட்டுப் பயம். மேல வெச்சா யாரும் பார்க்க மாட்டாங்கன்னு ஏத்தினேன். வெச்சதை மறந்துட்டேன்.”

“மறந்துட்டியா?”

“ஆமா.”

“மழையில? வாயை மேல பார்க்க வெச்சா?”

ரோமுலோவின் முகம் அங்கேதான் சுருங்கிப்போனது. அவனைத் திருடன் என்று சொன்னபோதுகூட அவன் முகம் அப்படிப் போகவில்லை. ஊரின் அத்தனை பித்தளைக்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஆமா” என்றான். “மேல பார்க்கத்தான் வெச்சேன்.”

கூட்டத்தில் யாரோ ஒரு க்ளாரினெட்காரர் தொப்பியைக் கழற்றினார். எலோய் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான்; டாக்டரம்மா அதற்குள் சீஸ் அடைத்த ஒரு பாஸ்தேல் பலகாரத்தைத் திணித்தாள். அவள் கண்டுபிடித்த வழக்குகளிலேயே இது ஒன்றைத்தான் அவள் தன் வாயால் சொல்லிக்கொள்ளவில்லை.

அபுந்தியோ ரோமுலோவைப் பார்த்தார், வாத்தியத்தைப் பார்த்தார். “இப்படிப்பட்ட முட்டாளுக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்” என்றார்.

“சரிங்க.”

“இன்னிக்கு அணிவகுப்புக்கு வரிசையில நில்லு.”

“டூபா என்கிட்டயே இருக்கட்டுமா?”

“டூபாவுக்கு முட்டாள் பரவாயில்ல.”

அதற்குள் பொலோனியா இலாரியோனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். “அங்கேர்ந்து எடுத்தாச்சு. எல்லாரும் சாட்சி. எடு.” இலாரியோன் சுற்றும் முற்றும் பார்த்து, டூபா ரோமுலோவின் தோளில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பையிலிருந்து குறடை எடுத்து டியூபின் கழுத்தைப் பிடுங்கினார். பிடுங்கியவர், துருத் தண்ணீர்ச் சீசாவையும் எடுத்தார். அது நின்ற இடத்தில் வட்டமாகத் தடம் விழுந்திருக்குமாம். பொலோனியா தடுப்பதற்குள் ஒற்றை மயிர்த் தூரிகை வேலையை முடித்துவிட்டது. மணி அடித்தது. வீடு தடத்தோடேயே சாம்பிராணிக்குப் போனது.

நேலிதா கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர் நாற்காலியில் இருந்தவனை, அன்றைக்குத்தான் பக்கவாட்டிலிருந்து பார்த்தாள். அவன் கன்னம் உப்பி வாசித்துக்கொண்டிருந்தான், திரும்பவில்லை. வாசிக்கும்போது டூபாக்காரனால் திரும்பவும் முடியாது.

பொலோனியா மலைக்கு மேலே எல் ஆல்டோவில் மனை வாங்கி மிட்டாய் ரோஸில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே காற்று அதிகம், கல் நிறைய வைக்க வேண்டியிருக்கிறதாம். எலோய்க்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் தன் கருத்தைச் சொல்லிவிடுகிறான். ரோமுலோ, ஒரூரோ நகரில் பெரிய மேளம் அடிக்கிற குடும்பத்தில் எர்மிந்தா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். அந்த வீட்டில் உப்பு கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்பார்கள். இருவரும் சந்தோஷமாக இருப்பது தெருமுனை வரை கேட்கும்.

நேலிதா கிழக்கே சான்டா க்ரூஸுக்குப் போய், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். தங்கமான மனிதர். வாத்தியம் கிடையாது, குடி கிடையாது, குறட்டைகூடக் கிடையாது. போன மாதம் அவள் அம்மா என் கடையில் ஆப்பி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. காது மந்தமான அம்மா, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

“எப்படிம்மா இருக்கே?”

“நல்லாத்தான் இருக்கேன். வீடு ரொம்ப அமைதியா இருக்கும்மா. தூக்கமே வர மாட்டேங்குது.”